ஒரே இருக்கையில் நான்கு கைகள்

1787ஆம் ஆண்டு மே மாத இறுதியில், வியன்னாவில் இருந்த மோட்ஸார்ட் தம் நண்பர் காட்ஃப்ரீட் ஃபான் ஜாக்கினுக்குச் சிறு கடிதம் ஒன்று எழுதினார். அதில் இரண்டு செய்திகள் உள்ளன. தாம் அனுப்பும் ஸொனாட்டாவை நண்பரின் தங்கை ஃப்ரான்ஸிஸ்காவிடம் வாழ்த்துடன் சேர்ப்பிக்க வேண்டும், சற்றுக் கடினமானது என்பதால் அவர் உடனே பயிலத் தொடங்கட்டும் என்பது ஒன்று. அன்று வீடு திரும்பியபோது தம் தந்தை இறந்துபோன செய்தி கிடைத்தது என்பது மற்றொன்று. ஃப்ரான்ஸிஸ்காவுக்கு அப்போது வயது 17. மோட்ஸார்ட்டின் மாணவி. முந்தைய ஆண்டு கிளாரினெட், வயோலா, பியானோ மூன்றுக்குமாக அவர் எழுதிய படைப்பில் பியானோ பகுதி இந்தப் பெண்ணுக்காக எழுதப்பட்டதே. ஆக, மாணவிக்கு வீட்டுப்பாடமும் தந்தையின் மரணமும் ஒரே தாளில் அடுத்தடுத்து வந்திருக்கின்றன. இரண்டுக்கும் இடையே ஒரு பெருமூச்சுக்கான இடம்கூட இல்லை.

கோஹெல் பட்டியலில் 521 என்ற எண் பெற்ற அந்த ஸி மேஜர் ஸொனாட்டாவை நாங்கள் இரண்டரை ஆண்டுகள் பயின்று, 2024 பிப்ரவரியில் முப்பது பேர் முன்னிலையில் வாசித்தோம்.

‘நாங்கள்’ என்பதற்கு விளக்கம் தேவை. அக்காவும் தங்கையும். மூத்தவள் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவள். இதை எழுதும் கை அவளுடையது. இளையவள் தூத்துக்குடியில் வங்கிப் பணியில் இருப்பவள். எழுதியதைப் படித்துப் பாதியை அடித்தவள். இந்த ஸொனாட்டா ஒருவர் வாசிக்கக்கூடியது அன்று. ஒரு பியானோவின் முன்னே இருவர் அருகருகே அமர்ந்து நான்கு கைகளால் வாசிக்க எழுதப்பட்டது. எனவே அதைப் பற்றி ஒருமையில் பேச இயலவில்லை. முயன்று பார்த்தோம், பொய்யாக ஒலித்தது.

எங்கள் அப்பா பாளையங்கோட்டையில் கணித ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பார். பாடகர் குழுவுக்கு டானிக் ஸால்ஃபா முறையில் டோ ரே மீ கற்பிப்பார். வீட்டில் பழைய நிமிர்வுப் பியானோ ஒன்று இருந்தது. இன்றைய பியானோக்களில் 88 கட்டைகள்; அதில் 85தாம். மழைக்காலத்தில் மரம் ஊதிக் கட்டைகள் அழுத்திய இடத்திலேயே நின்றுவிடும். அதற்கென்றே உள்ளே நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்றை இரவு பகலாக எரியவிடுவார். கம்பளித் துணியைப் பூச்சி அரிக்காதிருக்க அந்துருண்டை போடுவார். ஆகையால் எங்களுக்கு மோட்ஸார்ட் என்றால் இன்றளவும் அந்துருண்டை வாசனைதான்.

1983இல் சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடையொன்றில் அவர் வாங்கியது நான்கு கைகளுக்கான மோட்ஸார்ட் ஸொனாட்டாக்களின் தொகுப்பு. வெளிறிய பச்சை அட்டை, பீட்டர்ஸ் பதிப்பு. உள்ளட்டையில் ஏதோ பத்திரிகையிலிருந்து வெட்டிய ஓவியம் ஒன்றை ஒட்டியிருந்தார். டெல்லா குரோச்சே 1780ஐ ஒட்டி வரைந்த மோட்ஸார்ட் குடும்பப் படம் அது. மோட்ஸார்ட்டும் அவருடைய அக்கா நானர்லும் ஒரே விசைப்பலகையில் கைகளைக் குறுக்கே போட்டு வாசிக்கிறார்கள். தந்தை லெயோபோல்ட் வயலினுடன் அருகில் இருக்கிறார். 1778இல் பாரிஸில் இறந்துபோன தாய் சுவரில் படமாகத் தொங்குகிறார். இவ்விரு பிள்ளைகளும் 1765இல் லண்டனில், கட்டைகளைக் கைக்குட்டையால் மூடிவிட்டு ஒரே ஹார்ப்ஸிகார்டில் நான்கு கைகளால் வாசிப்பார்கள் என்று விளம்பரம் செய்யப்பட்டவர்கள். ஒன்பது வயதுச் சிறுவனின் வித்தையை ஊர் கூடிப் பார்த்தது. அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம், “கைக்குட்டை வேண்டாம், நீங்க புத்தகத்தைப் பார்த்தே வாசிச்சாப் போதும்” என்பார்.

தொகுப்பிலிருந்த எளிய ஸொனாட்டாக்களைச் சிறு வயதிலேயே வாசித்துவிட்டோம். 521ஐ மட்டும் அவர் எங்களுக்குத் தரவில்லை. விரல் வளரட்டும் என்றார். விரல் வளர்ந்தபோது நாங்கள் வெவ்வேறு ஊர்களில் இருந்தோம். 2016இல் பக்கவாதம் வந்து அவருடைய வலக்கை விழுந்தது. அதன் பிறகு மூன்று ஆண்டுகள் இடக்கையால் அந்த ஸொனாட்டாவின் அடித்தளச் ஸ்வரங்களை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார். மேலே வரவேண்டிய மூன்று கைகளை அவர் காதால் நிரப்பிக்கொண்டார் என்றே நினைக்கிறோம். 2019இல் காலமானார்.

2021 செப்டம்பரில் தொடங்கினோம். ஒவ்வொரு ஞாயிறும் இளையவள் தூத்துக்குடியிலிருந்து பேருந்தில் பாளையங்கோட்டை வருவாள். வார நாட்களில் அவளுடைய அடுக்ககத்தில் மின்னணுப் பியானோவில் செவிபேசி மாட்டிக்கொண்டு பயிற்சி. மூத்தவள் கல்லூரி முடிந்து அப்பாவின் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம்.

கடினம் என்று மோட்ஸார்ட் சொன்னது எதை? வேகமான ஓட்டங்கள் இருக்கின்றன. அவை இருவருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டிருக்கின்றன. முற்பட்ட நான்கு கை இசையில் பெரும்பாலும் வலப்புறம் அமர்பவர் பாட, இடப்புறம் அமர்பவர் தாளத்துக்குத் துணை போவார். இங்கே அப்படியில்லை. மேல்பகுதி ஒன்று சொன்னால் கீழ்ப்பகுதி அதையே வாங்கி வேறாகத் திருப்பிச் சொல்லும். ஆனால் விரல்களை மெட்ரனோம் வைத்துப் பழக்கிவிடலாம். ஆறு மாதத்தில் தனித்தனியே இருவரும் முதல் இயக்கத்தை வாசித்துவிட்டோம். ஒன்றாக உட்கார்ந்தபோதுதான் கடினம் எது என்பது தெரிந்தது.

முதலில் இடம். மோட்ஸார்ட் வாசித்த ஆன்டன் வால்டர் பியானோ இன்றும் ஸால்ஸ்பர்க்கில் இருக்கிறது. அதில் ஐந்து ஆக்டேவ்கள், 61 கட்டைகள். அவர் எழுதியது அந்த எல்லைக்குள். எங்கள் பியானோவில் 85 கட்டைகள் இருந்தும், இரண்டு ஓரங்களும் காலியாகக் கிடக்க, நாங்கள் நடுவில் நெருக்கிக்கொண்டு அமர வேண்டியிருந்தது. மேல்பகுதியின் இடக்கையும் கீழ்ப்பகுதியின் வலக்கையும் ஒரே நான்கைந்து கட்டைகளுக்குள் புழங்கும். ஒருவர் அழுத்திய கட்டையை அடுத்த கணமே மற்றவர் தட்ட வேண்டும். முன்னவர் விரலை எடுக்காவிட்டால் பின்னவருக்கு ஸ்வரமே எழாது. எந்த இடத்தில் யார் மணிக்கட்டு மேலே, யாருடையது கீழே என்று புத்தகம் முழுக்கப் பென்சிலால் ‘மே’, ‘கீ’ என்று குறித்தோம். வளையல்களைக் கழற்றி வைத்தோம். முந்தானையை ஊக்குப் போட்டு இறுக்கினோம். கையெழுத்துப் படியில் மோட்ஸார்ட் முதல் செம்பலோ, இரண்டாம் செம்பலோ என்று எழுதியிருப்பதால் இதை இரண்டு கருவிகளுக்கென்று அவர் முதலில் எண்ணியிருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. முழங்கைகள் இடித்துக்கொண்ட நாட்களில் நாங்களும் அக்கட்சியில் சேர்ந்துகொண்டோம்.

அடுத்தது பார்வை. நான்கு கை இசை அச்சாகும் முறை விசித்திரமானது. இடப்பக்கத்தில் கீழ்ப்பகுதி, வலப்பக்கத்தில் மேல்பகுதி. தன் பக்கத்தை வாசிப்பவருக்கு மற்றவர் என்ன செய்யப்போகிறார் என்பது கண்ணில் படாது. இரட்டைப் புலவர்களைப் பற்றி வகுப்பில் சொல்லும்போது, ஒருவர் வெண்பாவின் முன்பாதியைச் சொல்ல மற்றவர் பின்பாதியை முடிப்பார் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். முன்பாதியைக் கேட்டுக்கொண்டே பின்பாதியின் எதுகையைத் தேடியவரின் நிலை எப்படி இருந்திருக்கும் என்பதைப் பியானோ இருக்கையில்தான் யோசித்தோம். ஒரு மாதம் இடம் மாற்றி அமர்ந்து ஒருவர் பகுதியை மற்றவர் வாசித்தோம். அந்த மாதம் வீண் என்று அப்போது தோன்றியது. பிறகு, கை தன் பகுதியை வாசிக்கும்போது தொண்டைக்குள் மற்றவர் பகுதி ஓடத் தொடங்கியது.

மூன்றாவது பெடல். ஒலியை நீடிக்கச் செய்யும் மிதி ஒன்றுதான். இருவரில் இடப்புறம் இருப்பவரே வழக்கமாக அதை மிதிப்பார். அதாவது, பாட்டைப் பாடுபவர் ஒருவர், அவருடைய பாட்டுக்கு மூச்சு கொடுப்பது மற்றவருடைய கால். மூத்தவள் கீழ்ப்பகுதி. தன் கைகள் செய்வதை மறந்து தங்கையின் வலக்கையைக் கேட்டு மிதிக்க வேண்டும். எங்கள் வாழ்வில் ஒருவர் சொல்வதை மற்றவர் இவ்வளவு கூர்ந்து கேட்ட காலம் வேறில்லை. கேட்கவும் வேண்டியிருந்தது. அப்பா போன பிறகு எங்களிடையே வீடு, பத்திரம், பங்கு என்றே பேச்சு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரமாவது வேறு பேச்சு இருந்தது.

இரண்டாம் இயக்கத்தில் சண்டை வந்தது.

அது ஆண்டாண்டே. எஃப் மேஜரில் அமைதியாகத் தொடங்கும். நடுவே டி மைனருக்குத் திரும்பிக் கொந்தளிக்கும். பிறகு பழைய அமைதிக்கே மீளும். கடிதத்தின் கதையை அறிந்தவர்கள் இங்கே மகனின் அழுகையைக் கேட்காதிருப்பது அரிது. இளையவளும் கேட்டாள். மெதுவாக, மிக மெதுவாக வாசிப்போம் என்றாள். அப்பாவுக்காக என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மூத்தவள் ஆசிரியை அல்லவா, தேதிகளை எடுத்து வைத்தாள். லெயோபோல்ட் ஸால்ஸ்பர்க்கில் இறந்தது மே 28. மோட்ஸார்ட் 1784 முதல் தம் படைப்புகளை நாள் குறித்துப் பட்டியலிட்டு வந்தவர். அதில் இந்த ஸொனாட்டாவின் நாள் மே 29. ஸால்ஸ்பர்க்குக்கும் வியன்னாவுக்கும் இடையே ஏறத்தாழ 300 கிலோமீட்டர். குதிரை வண்டிக் காலத்தில் ஓர் இரவில் அச்செய்தி வந்திருக்க முடியாது. தந்தை நோயுற்றிருந்தது மகனுக்குத் தெரியும். ஏப்ரல் 4 அன்று மரணத்தை நண்பனாகக் கருதப் பழகிவிட்டதாக அவருக்கே எழுதியிருக்கிறார். ஆனால் ஸொனாட்டா முடிந்தபோது, இறந்த தந்தையின் மகன் தாம் என்பதை அவர் அறியார். இன்னொன்று, அச்செய்தி அறிந்த பின் அப்பட்டியலில் அடுத்து ஏறியது, ஜூன் 14 தேதியிட்ட ‘இசை வேடிக்கை’. திறமையற்ற இசையமைப்பாளர்களைக் கேலி செய்யும் படைப்பு. துக்கம் எங்கே எப்படி இறங்கும் என்பதை நாம் கலைஞனுக்கு விதிக்க இயலாது.

இளையவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “அக்கா, எழுதினவருக்குத் தெரியாது, சரி. வாசிக்கிற நமக்குத் தெரியுமே.”

இதற்கு விடை சொல்வது எளிதன்று. தமிழ் இலக்கியம் படித்தவர்க்கு இன்னும் கடினம். புறநானூற்றின் 112ஆம் பாடல் தந்தையை இழந்த பாரி மகளிரின் கையறுநிலை. பாடுவோர் இருவர், குரல் ஒன்று. நான் என்று அதில் இல்லை, நாங்கள்தான் உண்டு. போன திங்களையும் இந்தத் திங்களையும் ஒப்பிட்டு ஐந்தே அடிகளில் முடிந்துவிடும். ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் பாடல். இரு பெண்கள் சேர்ந்து தந்தைக்காகப் பாடலாம் என்பதற்கு நம்மிடமே ஈராயிரம் ஆண்டு முன்னுதாரணம் இருக்கையில், ஒரு ஆண்டாண்டேயை மெதுவாக்கினால் என்ன குறைந்துவிடும்? ஆனால் அந்தப் பாடலிலேயே அழுகை இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நிலவு இருக்கிறது, குன்று இருக்கிறது, முரசு இருக்கிறது. துயரத்தைக் கேட்பவர் தாமே கண்டுகொள்கிறார். பாடுபவர் அதற்காகக் குரலைத் தாழ்த்தவில்லை. மூத்தவள் இதைச் சொன்னபோது இளையவள், “இது வகுப்பு இல்லை” என்றாள். அந்த ஞாயிறு அத்துடன் முடிந்தது. அடுத்த இரண்டு ஞாயிறுகள் முதல் இயக்கத்தையும் மூன்றாவதையும் மட்டும் வாசித்தோம்.

2023 டிசம்பர் இறுதியில் ஒரு பள்ளி அரங்கில் வாசிப்பதாக ஏற்பாடு. 17, 18 தேதிகளில் மழை. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள் கண்ட அந்த மழையை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவில் கொட்டியது. இளையவள் இரண்டு நாள் வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை, கைபேசியும் இல்லை. அந்த இரண்டு நாட்களில் பியானோவை நாங்கள் நினைக்கவே இல்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

அப்பாவின் வீடு தாழ்ந்த தெருவில் இருந்தது. தண்ணீர் கூடத்துக்குள் முழங்காலுக்குக் கீழே வரை நின்று வடிந்திருந்தது. கம்பிகளும் சுத்தியல்களும் தப்பின. பெடலின் மரத்தண்டும் நெம்புகோல்களும் நிமிர்வுப் பியானோவில் அடியிலேதான் இருக்கும். அவை நனைந்து ஊதி இறுகிவிட்டன. ஜனவரியில் வந்த சுதி சேர்ப்பவர் முன்பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, வெயிலில் வைத்தால் வெடிக்கும், நிழலில் தானாகக் காய வேண்டும், மூன்று மாதமோ ஆறு மாதமோ தெரியாது என்றார். சுதியை மட்டும் சேர்த்துக் கொடுத்தார். வீட்டை வாங்குபவருடன் ஏப்ரலில் பத்திரப்பதிவு என்று முடிவாகியிருந்தது. ஆறு மாதம் எங்களிடம் இல்லை.

பெடல் இல்லாமல் வாசித்துப் பார்த்தோம். முதல் நாள் பல்லில்லாத வாய் பேசுவது போல் இருந்தது. பியானோவில் தட்டிய ஸ்வரம் அக்கணமே தேயத் தொடங்கிவிடும். விரல் எடுத்தால் நின்றுவிடும். ஒரு ஸ்வரத்தை அடுத்ததனோடு கோக்க விரல் மட்டுமே துணை. மோட்ஸார்ட்டின் கருவியிலும் மிதி கிடையாது, முழங்காலால் தூக்கும் நெம்புகோல்தான். கம்பிகளும் மெல்லியவை, ஒலி இன்னும் சீக்கிரம் அடங்கும். அந்தக் கருவியை மனத்தில் வைத்து மறுபடியும் பார்த்தபோது, எங்கெங்கே அவர் மௌனங்களை எழுதி வைத்திருக்கிறார் என்பது தெரிந்தது. இரண்டு ஆண்டுகளாக அவற்றின் மேல் பெடல் மெழுகியிருந்தது.

ஆண்டாண்டேயை இளையவளே ஒரு ஞாயிறு எடுத்தாள். தான் விரும்பிய வேகத்தில், மெதுவாகத் தொடங்கினாள். நான்காவது ஐந்தாவது அளவிலேயே பாட்டு அறுந்தது. ஒரு ஸ்வரம் தேய்ந்து மறைந்த பிறகே அடுத்தது வந்தது. சற்று விரைவாக்கினாள். மீண்டும் சற்று. ஆண்டாண்டே என்ற சொல்லுக்கு இத்தாலியில் ‘நடந்து’ என்று பொருள். சுமையைத் தூக்கிக்கொண்டு நடப்பதன்று, வெறுங்கையுடன் நடப்பது. மெட்ரனோமுக்கு மெல்ட்ஸெல் உரிமம் பெற்றதே 1815இல். மோட்ஸார்ட் வேகத்தை எண்ணில் விட்டுச்செல்லவில்லை. அந்த நனைந்த பியானோ எங்களுக்கு எண்ணைச் சொன்னது. மூத்தவள் எதுவும் பேசவில்லை. டி மைனர் பகுதி வந்தபோது, இளையவள் கேட்காமலேயே, கீழ்ப்பகுதியின் ஸ்வரங்களுக்கு அதுவரை கொடுத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாக எடை கொடுத்தாள். அது தேதிகளுக்கு எதிரானதுதான்.

அரங்கம் வேண்டாம், பியானோ இருக்கும் இடத்திலேயே வாசிப்போம் என்று முடிவு செய்தோம். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணி. சுவரில் தண்ணீர் நின்ற கோடு அப்படியே இருந்தது. கூடத்திலும் திண்ணையிலுமாக அப்பாவின் பாடகர் குழுவினர், கல்லூரி நண்பர்கள், தெருக்காரர்கள். திருப்பங்களையும் சேர்த்து ஏறக்குறைய 25 நிமிடம். நான்கு கைகளும் ஒன்றாகத் தொடங்கும் அந்த முதல் ஸ்வரங்களுக்கு முன் இருவரும் சேர்ந்து மூச்சிழுக்க வேண்டும். சைகை காட்டக் கை இல்லை, எல்லாக் கைகளும் கட்டைகளின் மேல். அந்த மூச்சைத்தான் நாங்கள் வேறெதையும்விட அதிகம் பயின்றிருந்தோம். மூன்றாம் இயக்கம் ராண்டோ. அவசரமில்லாத ஒரு மெட்டு போய்ப்போய்த் திரும்பி வரும். இரண்டாம் முறை அது திரும்பியபோது தெருவில் பழைய இரும்பு, பிளாஸ்டிக் எடுப்பவரின் ஒலிபெருக்கி வண்டி கடந்தது. யாரும் சிரிக்கவில்லை. வண்டி தெருமுனை திரும்பும் வரை மெட்டு அதனோடு கூடவே நடந்தது.

முடிந்ததும் அப்பாவின் குழுவில் நாற்பது ஆண்டு ஆல்டோ பாடிய பெரியம்மா ஒருவர் வந்து இருவர் கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். “உங்கப்பா இருந்தா ரெண்டாம் பக்கத்துலயே நிறுத்தி, முதல்ல இருந்து வாசிங்கன்னு சொல்லியிருப்பாரு” என்றார். பிறகு, “நடுவுல வர்ற பாட்டு மெதுவா இருக்கும்னு நினைச்சேன். இல்லயே” என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பியானோ எங்கள் இருவர் வீட்டுக்கும் வரவில்லை. இளையவளின் வீடு மூன்றாம் மாடி. படிக்கட்டில் திருப்ப முடியாது. மூத்தவளுடையது வாடகை வீடு. இசை கற்பிக்கும் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்குக் கொடுத்தோம். எட்டுப் பேர் தூக்கினார்கள். ஜூலையில் பெடல் தானாக இளகிவிட்டது என்று அங்கிருந்து தொலைபேசி வந்தது. குண்டு பல்பை எரியவிடச் சொன்னோம்.

இப்போது ஞாயிறுகளில் மூத்தவள் தூத்துக்குடி போகிறாள். மின்னணுப் பியானோவில் செவிபேசி மாட்ட இரண்டு துளைகள் இருக்கின்றன. ஆளுக்கொன்று மாட்டிக்கொள்கிறோம். அறையில் இருக்கும் மற்றவர்களுக்குக் கட்டைகள் தட்டுப்படும் டொக் டொக் சத்தமும் எங்கள் மூச்சும் மட்டுமே கேட்கும். பச்சை அட்டைத் தொகுப்பிலிருந்து 497ஐ எடுத்திருக்கிறோம். 1786 ஆகஸ்டில் எழுதி முடித்தது, மெதுவான ஓர் அடாஜியோவுடன் தொடங்குவது. இம்முறை மேல்பகுதி மூத்தவளுக்கு, பெடல் இளையவளுக்கு.